ஐபி அட்ரஸ் சரியா இருக்கான்னு பாக்குறது அஞ்சு நிமிஷ வேலை இல்ல

கோட் ரிவ்யூல அடிக்கடி கண்ணுல படுற ஒரு விஷயத்தைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன், இன்னைக்கு உக்காந்து எழுதிடுறேன். ஒரு ஃபார்ம்ல யூசர் ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்ல ஒரு மெஷினை அடையாளம் காட்டுற நம்பர்) டைப் பண்றாங்க, இல்லேன்னா எக்செல் ஷீட்ல வருது, இல்லேன்னா வேற ஒரு சர்வீஸ்லேர்ந்து ஜேசான்ல வருது, அது சரியான அட்ரஸ்தானான்னு பாத்துட்டு உள்ள விடணும். இத எல்லாரும் சின்ன வேலைன்னு நெனச்சு நெட்ல தேடி ஒரு ரீஜெக்ஸை (எழுத்துக்கள் எந்த வடிவத்துல வரணும்னு சொல்ற பேட்டர்ன்) எடுத்து ஒட்டிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போயிடுறாங்க. நான் சொல்ல வர்றத முதல்லயே சொல்லிடுறேன். அந்த ஸ்ட்ரிங், அதாவது வந்த எழுத்து வரிசை, பாக்குறதுக்கு ஐபி மாதிரி இருக்கான்னு கேக்காதீங்க, அத நம்பரா மாத்திப் பாருங்க, மாத்த முடிஞ்சா அந்த நம்பரை மட்டும் கைல வச்சுக்கிட்டு வந்த ஸ்ட்ரிங்கைத் தூக்கிப் போட்டுடுங்க. ஏன் இவ்ளோ அழுத்தமா சொல்றேன்னு கீழ எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

ஐபிவி4 அட்ரஸ்னா உண்மைல ஒரு 32 பிட் நம்பர், அவ்ளோதான். 0லேர்ந்து 4294967295 வரைக்கும் எது வேணாலும் இருக்கலாம். நாலு துண்டா வெட்டி நடுவுல புள்ளி வச்சு எழுதுறது நம்ம கண்ணுக்காக, ரவுட்டருக்கு அந்தப் புள்ளி தெரியவே தெரியாது. 1981ல வந்த ஆர்எஃப்சி 791 (இன்டர்நெட் விதிகளை எழுதி வைக்கிற ஆவண வரிசைல ஒண்ணு) பாக்கெட்டுக்குள்ள அட்ரஸ் எங்க உக்காரணும்னு பிட் பிட்டா சொல்லுது, ஆனா எழுத்துல எப்படி எழுதணும்ங்கறதுக்கு அதுல இலக்கணம் கிடையாது. அந்தக் காலி இடத்த ஆளாளுக்கு ஒரு விதமா ரொப்பிட்டாங்க, இன்னைக்கு நாம படுற பாட்டுல பாதி அங்கேர்ந்துதான் வருது.

மொதல்ல ரீஜெக்ஸ். பெரும்பாலும் போடுறது என்னன்னா, ஒண்ணுலேர்ந்து மூணு டிஜிட், ஒரு புள்ளி, இதே மாதிரி நாலு தடவ. இது 999.999.999.999ஐயும் சரின்னு சொல்லும். அடுத்து ஒருத்தர் வந்து 255க்கு மேல போகக்கூடாதேன்னு யோசிச்சு 250லேர்ந்து 255 தனியா, 200லேர்ந்து 249 தனியா, நூத்துச் சொச்சம் தனியா, ரெண்டு டிஜிட் தனியான்னு பிரிச்சு ஒரு நீளமான ரீஜெக்ஸ் எழுதுவாரு. அது பரவால்ல, ஆனா நெட்ல சுத்திட்டு இருக்குறதுல பாதி 01.02.03.04 மாதிரி முன்னாடி சைபர் போட்டதையும் உள்ள விட்டுடும், அது ஏன் ஆபத்துன்னு பின்னாடி வர்றேன். இன்னொண்ணு, ரீஜெக்ஸ் கடைசில போடுற அந்த டாலர் குறி. பைத்தான், பெர்ல், பிஎச்பி மூணுலயும் ஸ்ட்ரிங் முடிவுல ஒரு நியூலைன் இருந்தா அதுக்கு முன்னாடியே டாலர் பொருந்திடும். அதாவது 10.0.0.5க்குப் பின்னாடி ஒரு என்டர் ஒட்டிக்கிட்டு வந்தாலும் பாஸ், அது அப்படியே ஒரு ஃபயர்வால் கான்ஃபிக் ஃபைலுக்குள்ள எழுதப்பட்டா வரி உடைஞ்சு நிக்கும். பைத்தான்ல ஃபுல்மேட்ச் யூஸ் பண்ணினா இந்த ஓட்டை அடைபடும்.

இப்ப சொல்லப் போறது தமிழ்ல டைப் பண்றவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது. பைத்தான் 3ல ரீஜெக்ஸுக்குள்ள பேக்ஸ்லாஷ் டி போட்டா 0லேர்ந்து 9 மட்டும்னு நாம நெனச்சுக்குறோம். அப்படி இல்ல, யூனிகோட்ல டெசிமல் டிஜிட்னு குறிச்சு வச்சிருக்குற எல்லாத்தையும் அது ஏத்துக்கும், அதுல நம்ம தமிழ் எண்களும் உண்டு. ௧௨௭.௦.௦.௧னு எழுதிக் குடுத்துப் பாருங்க, அந்த மூணு டிஜிட் ரீஜெக்ஸ் அழகா பாஸ் பண்ணி விடும். அதுக்கப்புறம் 255க்குள்ள இருக்கான்னு பாக்க இன்ட் போட்டு மாத்துனாலும் பைத்தான் ௧௨௭ஐ 127ன்னு சரியாவே மாத்திக் குடுத்துடும், ஆக ரெண்டு காவலும் தாண்டிடுச்சு. ஆனா டேட்டாபேஸ்ல போய் உக்காந்தது தமிழ் எண் இருக்குற ஸ்ட்ரிங், அத எடுத்து சாக்கெட்டுக்குக் குடுத்தா கீழ இருக்குற சி லைப்ரரிக்கு அது ஐபியே இல்ல, ஏதோ ஒரு ஹோஸ்ட் நேம், அதாவது மெஷினோட பேருன்னு நெனச்சு, பேருக்கு ஐபி சொல்ற டிஎன்எஸ்ல தேடப் போயிடும். ஜாவாலயும் ஜாவாஸ்கிரிப்ட்லயும் இந்தப் பிரச்சனை இல்ல, அங்க பேக்ஸ்லாஷ் டின்னா சாதாரணமா ஆஸ்கி டிஜிட் மட்டும்தான், டாட்நெட்ல பைத்தான் மாதிரியே எல்லா மொழி எண்ணும் வரும். ரீஜெக்ஸ் எழுதியே ஆகணும்னா பேக்ஸ்லாஷ் டிக்குப் பதிலா 0லேர்ந்து 9ன்னு அடைப்புக்குறிக்குள்ள வெளிப்படையா எழுதுங்க. தமிழ் எண்கள் மேல எனக்கு ரொம்பப் பிரியம், யூசர் அத டைப் பண்ணினா அத 127.0.0.1ஆ மாத்தி வாங்கிக்குறதுகூட நல்ல விஷயம்தான், ஆனா அது நாம முடிவு பண்ணி செய்யணும், ரீஜெக்ஸ் தெரியாம விட்டதால நடக்கக்கூடாது.

சரி, ரீஜெக்ஸ விட்டுட்டு பழைய கதைக்கு வருவோம். டீம்ல புதுசா சேந்த ஒரு தம்பி ஒரு தடவ கேட்டான், "அண்ணா, 127.1ன்னு குடுத்தாலும் பிங் போகுதே, அப்புறம் எப்படி இது தப்பான அட்ரஸ்னு ரிஜெக்ட் பண்றீங்க?" நல்ல கேள்வி. அதுக்குப் பதில் 1983ல வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ்ல இருக்கு. அதுல வந்த, ஸ்ட்ரிங்கை அட்ரஸ் நம்பரா மாத்துற ஐநெட்_அட்ர் ஃபங்ஷன் நாலு துண்டு மட்டும் இல்ல, மூணு துண்டு, ரெண்டு துண்டு, ஒரே துண்டுன்னு எல்லாத்தையும் வாங்கிக்கும். ரெண்டு துண்டுன்னா முதல் துண்டு 8 பிட், மிச்ச 24 பிட்டும் ரெண்டாவது துண்டு. அப்போ நெட்வொர்க்க ஏ கிளாஸ், பி கிளாஸ்னு பிரிச்சு வச்சிருந்த காலம், ஏ கிளாஸ் நெட்வொர்க்ல நெட்வொர்க் நம்பர் ஒண்ணு, ஹோஸ்ட் நம்பர் ஒண்ணுன்னு எழுதுறது அவங்களுக்கு வசதியா இருந்திருக்கு. அதனாலதான் 127.1ன்னா 127.0.0.1. ஒரே துண்டுன்னா முழு 32 பிட்டும் அதுதான், 127ஐ 16777216ஆல பெருக்கி 1 கூட்டினா 2130706433, பிரவுசர்ல அந்த நம்பரை மட்டும் அட்ரஸா போட்டுப் பாருங்க, நேரா உங்க மெஷினுக்கே போகும். இது போதாதுன்னு ஒவ்வொரு துண்டும் சி மொழி நம்பர் மாதிரி, முன்னாடி 0 இருந்தா ஆக்டல் (8ஐ அடியா வச்ச எண் முறை), 0எக்ஸ் இருந்தா ஹெக்ஸ் (16ஐ அடியா வச்சது). ஆக 0177.0.0.1ம் 127.0.0.1தான்.

அந்த ஃபங்ஷன்ல இன்னொரு கோளாறும் உண்டு, தப்பான ஸ்ட்ரிங் குடுத்தா மைனஸ் ஒண்ணு திருப்பித் தரும், ஆனா 32 பிட்ல மைனஸ் ஒண்ணும் 255.255.255.255ம் ஒண்ணேதான், அதனால அந்த பிராட்காஸ்ட் (நெட்வொர்க்ல எல்லாருக்கும் அனுப்புற) அட்ரஸ் குடுத்தா தப்பா சரியான்னு தெரியாது. அத சரி பண்ண ஐநெட்_ஏடான் வந்துச்சு, அதுவும் இந்தப் பழைய வடிவங்கள் எல்லாத்தையும் ஏத்துக்கும், லினக்ஸோட சி லைப்ரரியான ஜிலிப்சில அட்ரஸுக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டு என்ன குப்பை எழுதியிருந்தாலும் கண்டுக்காது. ஐபிவி6க்காக (இன்னும் நீளமான அட்ரஸ் இருக்குற புது வெர்ஷன்) சாக்கெட் ஃபங்ஷன்களை விரிவாக்கினப்போ, 1990கள் கடைசில, ஐநெட்_பிடான் வந்துச்சு, அதுதான் கண்டிப்பானது, நாலு துண்டு, டெசிமல், அவ்ளோதான். தம்பிக்கு நான் சொன்னதும் இதுதான், பிங் பழைய வழில படிக்குது, நாம புது வழில படிக்கிறோம், ரெண்டுக்கும் கருத்து வேறுபாடு இருக்குற எந்த ஸ்ட்ரிங்கையும் உள்ள விடாம இருக்குறதுதான் நம்ம வேலை. சரியா தப்பாங்கறது ஸ்ட்ரிங்குக்குள்ள மட்டும் இல்ல, அத யாரு படிக்கிறாங்கங்கறதுலயும் இருக்கு.

இது வெறும் வறட்டுப் பேச்சு இல்லைன்னு 2021ல எல்லாருக்கும் புரிஞ்சுது. அந்த வருஷம் மார்ச்ல நோட்ல (பிரவுசருக்கு வெளில ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற நோட்.ஜேஎஸ்) எக்கச்சக்கமான ப்ராஜெக்ட் யூஸ் பண்ற நெட்மாஸ்க்ங்கற பேக்கேஜ்ல ஒரு ஓட்டை வெளில வந்துச்சு, சிவிஇ-2021-28918 (பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் குடுக்குற பொது நம்பர்). முன்னாடி இருக்குற சைபரை அது சும்மா கழட்டிப் போட்டுட்டு டெசிமலா படிச்சுது. 012.1.2.3ன்னு ஒரு ஸ்ட்ரிங் வந்தா அது 12.1.2.3, வெளி உலக அட்ரஸ், விடலாம்னு சொல்லும். ஆனா அதே ஸ்ட்ரிங்கை ஆப்பரேட்டிங் சிஸ்டம் படிக்கும்போது ஆக்டல் 012ன்னா 10, ஆக அது 10.1.2.3, ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள இருக்குற மெஷின். வாசல்ல நிக்கிறவரு ஒரு பேரு படிக்கிறாரு, உள்ள இருக்குறவரு வேற பேரு படிக்கிறாரு. அதுக்கப்புறம் வரிசையா மத்ததும் வந்துச்சு, பெர்ல் மாட்யூல்கள், பைத்தானோட ஐபிஅட்ரஸ் மாட்யூல், கோ, ரஸ்ட், எல்லாத்துலயும் இதே குடும்பத்து பிரச்சனை. பைத்தான் கதை கொஞ்சம் வருத்தமானது, ஆக்டல்ல வேற மதிப்பு வர்ற மாதிரி எழுதினத அது முன்னாடி மறுத்துக்கிட்டுதான் இருந்துச்சு, 3.8ல அந்தத் தடுப்பை எடுத்துட்டாங்க, அப்புறம் 3.9.5ல முன் சைபரே கூடாதுன்னு திரும்ப இறுக்கினாங்க. ரஸ்ட் 1.53லயும் கோ 1.17லயும் இதே முடிவு. எனக்கு இதுல பிடிச்சது, ஆக்டலா படிக்கணுமா டெசிமலா படிக்கணுமான்னு சண்டை போடாம, ரெண்டு விதமா படிக்க முடியுற எதையும் வாங்கவே மாட்டோம்னு எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தது.

இதனால என்ன பெருசா நஷ்டம்னு கேட்டா, வெப்ஹுக் எழுதினவங்களுக்குத் தெரியும். யூசர் ஒரு யூஆர்எல் குடுக்குறாரு, நம்ம சர்வர் போய் அத கூப்பிடணும். யூசர் நம்ம சர்வர் வழியா நம்ம உள் நெட்வொர்க்கையே தட்டக்கூடாதுன்னு 127, 10, 172.16லேர்ந்து 172.31 வரைக்கும், 192.168 எல்லாத்தையும் தடுக்குறோம், அதோட 169.254.169.254ம் முக்கியம், அமேசான் கிளவுட்ல அந்த அட்ரஸ்ல கேட்டா அந்த மெஷினோட டெம்பரரி சாவிகளே கிடைக்கும். 2019ல அமெரிக்காவுல கேப்பிடல் ஒன் பேங்க்ல பத்து கோடிக்கு மேல ஆளுங்களோட விவரம் வெளில போனதுக்கு இந்த மாதிரி உள்ளேர்ந்து கூப்பிட வச்சு சாவிய எடுத்ததுதான் வழி. இப்ப நம்ம தடுப்பு வெறும் ஸ்ட்ரிங்கைப் பாத்து 127.ல ஆரம்பிக்குதான்னு கேக்குற மாதிரி இருந்தா, 2130706433ன்னு குடுத்தா ஒண்ணும் தெரியாது, 0177.0.0.1ன்னு குடுத்தாலும் தெரியாது, ஜப்பான் கீபோர்டுல வர்ற அகலமான எண்கள்ல எழுதினாலும் தெரியாது, ஆனா பிரவுசர் ஸ்டாண்டர்டு படி எழுதின யூஆர்எல் பார்சர் (எழுத்தைப் படிச்சுப் பிரிக்கிற கோட்) இதெல்லாத்தையும் ஒழுங்கா 127.0.0.1ஆ மாத்திடும். 0.0.0.0ம் மறந்துடாதீங்க, லினக்ஸ்ல அதுக்குக் கனெக்ட் பண்ணினா சொந்த மெஷினுக்கே போகும்.

ஹோஸ்ட் நேம் வந்தா இன்னும் சிக்கல், ஏன்னா பேர டிஎன்எஸ்ல கேட்டு வர்ற ஐபிய செக் பண்ணிட்டு, அப்புறம் ஹெச்டிடிபி லைப்ரரிகிட்ட பேரையே திரும்பக் குடுத்தா அது இன்னொரு தடவ டிஎன்எஸ்ல கேக்கும், அந்த ரெண்டாவது தடவ வேற பதில் வர்ற மாதிரி செட் பண்றது எதிரிக்கு ரொம்ப சுலபம். அதனால ஒரு தடவதான் கேக்கணும், வந்த அட்ரஸை செக் பண்ணணும், அதே அட்ரஸுக்குத்தான் கனெக்ட் பண்ணணும். ரீடைரக்ட் வந்தா மறுபடி முதல்லேர்ந்து. நான் ஆரம்பத்துல ஸ்ட்ரிங்கைத் தூக்கிப் போடுங்கன்னு சொன்னது இதுக்குத்தான், செக் பண்ணினது ஒண்ணு, யூஸ் பண்ணினது ஒண்ணுன்னு ஆகவே கூடாது.

எந்த லாங்குவேஜ்ல என்ன யூஸ் பண்ணலாம்னு கேப்பீங்க. பைத்தான்ல ஐபிஅட்ரஸ் மாட்யூல் 3.3லேர்ந்தே கூடவே வருது, தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், நல்ல மாட்யூல். ஒரே ஒரு எச்சரிக்கை, அதுக்கு ஸ்ட்ரிங் மட்டும் குடுங்க. நம்பர் குடுத்தாலும் வாங்கிக்கும், ஜேசான்ல யாராவது 1ன்னு அனுப்பினா 0.0.0.1ன்னு அட்ரஸ் கிடைக்கும், ட்ரூன்னு அனுப்பினாலும் அதே 0.0.0.1தான், ஏன்னா பைத்தானுக்கு ட்ரூவும் ஒரு இன்ட். நாலு பைட் குடுத்தா அதையும் அட்ரஸா எடுத்துக்கும். அதனால மொதல்ல ஸ்ட்ரிங்தானான்னு பாத்துடுங்க. நோட்ல நெட் மாட்யூலுக்குள்ள இஸ்ஐபி இருக்கு, 4, 6, இல்லேன்னா 0 தரும், முன் சைபர் இருந்தா 0தான். பிஎச்பில ஃபில்டர்_வார் போதும், ப்ரைவேட் ரேஞ்சை ஒதுக்க ஃப்ளாகும் உண்டு. கோல இப்ப எழுதுறதா இருந்தா 1.18ல வந்த நெட்ஐபி பேக்கேஜைப் பாருங்க, அதோட அட்ரஸ் டைப்பை நேரா ஈக்வல் போட்டு கம்பேர் பண்ணலாம், மேப்புக்கு சாவியா வைக்கலாம். டாட்நெட்ல ட்ரைபார்ஸ் பண்ணும்போது கவனம், வெறும் 5ன்னு குடுத்தா 0.0.0.5ன்னு சந்தோஷமா வாங்கிக்கும், வயசு கேக்குற கட்டத்துல இருந்த நம்பரைத் தவறிப்போய் ஐபி கட்டத்துல ஒட்டினாலும் பாஸ்.

ஜாவா தனியா சொல்லணும். ஐநெட்அட்ரஸ் கிளாஸ்ல கெட்பைநேம் கூப்பிட்டு, எக்செப்ஷன் வரலைன்னா சரியான ஐபின்னு எழுதியிருக்குறத நான் எத்தனையோ இடத்துல பாத்துட்டேன். அந்த ஃபங்ஷனுக்கு ஐபி இல்லாத எது குடுத்தாலும் அத ஹோஸ்ட் நேமா எடுத்துக்கிட்டு டிஎன்எஸ்ஸுக்குப் போகும். ஒரு எழுத்து தப்பா டைப் பண்ணின யூசரோட இன்புட்டுக்காக வெளி உலகத்துக்கு ஒரு கேள்வி போகுது, டிஎன்எஸ் மெதுவா இருந்தா அந்த த்ரெட் அங்கயே நிக்குது, வேற யாராவது வேணும்னே குப்பை பேரா ஆயிரக்கணக்குல அனுப்பினா சர்வரே நின்னுடும். ஜாவா 22ல ஆஃப்லிட்டரல்னு ஒண்ணு சேத்திருக்காங்க, டிஎன்எஸ் பக்கமே போகாது. பழைய ஜாவால இருக்கீங்கன்னா கூகிளோட குவாவா லைப்ரரில ஐநெட்அட்ரஸஸ் கிளாஸ் இதே வேலைக்கு நம்பகமானது.

இவ்ளோ நேரம் ஐபிவி4 மட்டும் பேசிட்டு இருந்தேன், ஆனா நம்ம ஊர்ல ஆப் எழுதுறவங்களுக்கு ஐபிவி6 எப்பவோ வர்ற விஷயம் இல்ல, ஏற்கனவே வந்து உக்காந்தாச்சு. ஐபிவி6 யூஸ் பண்றதுல உலகத்துலயே இந்தியா முன் வரிசை, 2016ல ஜியோ வந்ததுலேர்ந்து மொபைல்ல வர்ற யூசர்ல பெரும் பங்கு ஐபிவி6லதான் வர்றாங்க. உங்க லாக்இன் டேபிள்ல ஐபி ஃபீல்டு 15 எழுத்துன்னு வச்சிருந்தா அவங்க அட்ரஸ் பாதில வெட்டுப்படும், இல்ல எரர் வரும். ஐபிவி6 முழுசா எழுதினா 39 எழுத்து, கடைசில ஐபிவி4 புள்ளி வடிவம் சேந்து வந்தா 45 வரைக்கும் போகும்.

ஐபிவி6ல ஒரே அட்ரஸை எத்தனையோ விதமா எழுதலாம். 0:0:0:0:0:0:0:1ம் ::1ம் ஒண்ணு. 2001:டிபி8::1ம் 2001:0டிபி8:0:0:0:0:0:1ம் ஒண்ணு, அதுலயே பெரிய எழுத்து சின்ன எழுத்துன்னு வேற இருக்கு. நடுவுல சைபர்களை விழுங்குற ரெட்டை கோலன் ஒரே ஒரு இடத்துலதான் வரலாம், ரெண்டு இடத்துல வந்தா எந்தப் பக்கம் எத்தன சைபர்னு சொல்ல முடியாது, அதனால அது தப்பு. இத ரீஜெக்ஸ்ல எழுதப் போனவங்க எழுதினது ஒரு பக்கம் நீளத்துக்கு இருக்கும், அத யாராலயும் ரிவ்யூ பண்ண முடியாது, தயவுசெஞ்சு வேணாம். 2010ல ஆர்எஃப்சி 5952 வந்து, எழுதும்போது சின்ன எழுத்து, முன் சைபர் இல்லாம, நீளமான சைபர் வரிசைய மட்டும் சுருக்கணும்னு ஒரே வடிவத்தை சொல்லிடுச்சு, ஆனா வாங்கும்போது எல்லா வடிவத்தையும் வாங்கணும். ஐபிவி4க்கு ஒரே ஒரு எழுத்து வடிவம் தவிர எதையும் விடாதீங்கன்னு சொன்னவன் இங்க எல்லாத்தையும் வாங்கணும்ங்கறேன், முரண்பாடு இல்ல, ஐபிவி6ல எத்தன விதமா எழுதினாலும் எல்லா பார்சரும் ஒரே நம்பரைத்தான் படிக்கும்.

ஆனா ஸ்ட்ரிங்கா கம்பேர் பண்ணினீங்கன்னா மாட்டிக்குவீங்க. பிளாக் லிஸ்ட்ல ஒரு வடிவம் இருக்கும், வர்ற ரிக்வெஸ்ட்ல வேற வடிவம், தடுக்க வேண்டியவன் உள்ள வந்துடுவான். நோட் சர்வர் ஐபிவி6 சாக்கெட்ல கேட்டுட்டு இருந்தா ஐபிவி4ல வர்றவங்ககூட ::எஃப்எஃப்எஃப்எஃப்:192.168.1.5ன்னு தெரிவாங்க, அத பிரிச்சு உள்ள இருக்குற ஐபிவி4ஐ எடுத்துத்தான் லிஸ்ட்டோட ஒப்பிடணும். போஸ்ட்கிரஸ்ல ஐநெட்னு டைப்பே இருக்கு, அதுல போட்டா ஒப்பிடுறதும் இந்த அட்ரஸ் அந்த நெட்வொர்க்குக்குள்ள இருக்கான்னு கேக்குறதும் டேட்டாபேஸே பாத்துக்கும். மைசீக்வல்ல 16 பைட் வார்பைனரி ஃபீல்டு வச்சு ஐநெட்6_ஏடான் போட்டு சேமிக்கலாம். அப்புறம் எஃப்ஈ80ல ஆரம்பிக்கிற லிங்க் லோக்கல் (அந்த ஒரு லோக்கல் நெட்வொர்க்குக்குள்ள மட்டும் செல்லுபடியாகுற) அட்ரஸுக்குப் பின்னாடி பர்சன்ட் குறி போட்டு இன்டர்ஃபேஸ் பேரு வரும், அந்தப் பேரு உங்க மெஷினுக்கு மட்டும்தான் அர்த்தம் உள்ளது, அதனால வெளிலேர்ந்து வர்ற டேட்டால அத ஏத்துக்காம இருக்குறது நல்லது. பைத்தான் 3.9லேர்ந்து அந்த பர்சன்ட் வடிவத்தையும் வாங்கும், தெரிஞ்சு வச்சுக்கோங்க.

சரியான அட்ரஸ் வேற, நமக்கு வேண்டிய அட்ரஸ் வேற. இத கலக்காதீங்க. 255.255.255.255 சரியான அட்ரஸ், ஆனா பிரிண்டர் அட்ரஸ் கட்டத்துல அத விடக்கூடாது. சப்நெட் மாஸ்க் (அட்ரஸ்ல எத்தன பிட் நெட்வொர்க்கோடதுன்னு சொல்றது) கட்டத்துல ஐபி செக் மட்டும் போட்டு விட்டுடுறாங்க, 255.0.255.0 நல்ல ஐபி மாதிரி பாஸ் ஆயிடும், ஆனா மாஸ்க்ல பைனரில ஒண்ணுகள் எல்லாம் இடப்பக்கம் சேந்தே இருக்கணும், நடுவுல சைபர் வந்தா அது மாஸ்க்கே இல்ல. நெட்வொர்க் கேட்டா 192.168.1.5/24ன்னு (முதல் 24 பிட் நெட்வொர்க், மிச்சம் ஹோஸ்ட்) குடுப்பாங்க, பைத்தான் இத நெட்வொர்க்கா மாத்த சொன்னா ஹோஸ்ட் பிட் இருக்குன்னு எரர் குடுக்கும், ஸ்ட்ரிக்ட்டை அணைச்சா 192.168.1.0/24ன்னு தானா மாத்திக்கும். ஃபயர்வால் ரூல் எழுதுற இடத்துல நான் அணைக்க மாட்டேன், அந்த ஆளு ஒரு மெஷினை மட்டும் அனுமதிக்க நெனச்சு 24 போட்டிருந்தா 256 அட்ரஸுக்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி ஆயிடும், கேட்டுக்குறதுதான் நல்லது. அதே மாதிரி எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார் ஹெடர்ல (நடுவுல நிக்கிற ப்ராக்ஸி சர்வர், யூசரோட ஐபி எதுன்னு எழுதி அனுப்புற இடம்) வர்ற ஐபி எழுத்துல சரியா இருக்குங்கறதால அது உண்மைன்னு ஆயிடாது, யாரு வேணாலும் அதுல என்ன வேணாலும் எழுதி அனுப்பலாம், நம்ம சொந்த ப்ராக்ஸி சேத்த பகுதிய மட்டும்தான் நம்பணும்.

யூசர் பக்கமும் கொஞ்சம் பாருங்க. வாட்ஸப்லேர்ந்தும் எக்செல்லேர்ந்தும் காப்பி பண்ணி ஒட்டுறவங்கதான் அதிகம், முன்னாடி பின்னாடி ஸ்பேஸ் வரும், கண்ணுக்கே தெரியாத யூனிகோட் எழுத்தும் வரும். ஃபார்ம் ஓரத்துலயே ஸ்பேஸை வெட்டிடுங்க, அதுக்கு யூசரைத் திட்டாதீங்க. ஆனா நடுவுல இருக்குறத நாமளா ஊகிச்சு திருத்தக்கூடாது. எரர் மெசேஜும் "தவறான ஐபி"ன்னு ஒத்தை வரில முடிக்காம, மூணாவது துண்டு 300 இருக்கு 255க்கு மேல போகக்கூடாதுன்னு சொன்னா நைட் ஷிஃப்ட்ல உக்காந்து முப்பது அட்ரஸ் டைப் பண்ற ஆளுக்கு எவ்ளோ உதவி.

கடைசியா, கண்டிப்பா மாட்டுற ஒண்ணு. பழைய பிரிண்டரும் சில பழைய டிவைஸ்களும் அட்ரஸை 192.168.001.025ன்னு சைபர் ரொப்பித்தான் காட்டும், அதுலேர்ந்து எடுத்த லிஸ்ட்டை இம்போர்ட் பண்ணினா கண்டிப்பான பார்சர் எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணிடும், உடனே டீம்ல யாராவது பார்சரைக் கொஞ்சம் தளர்த்தலாமேன்னு சொல்லுவாங்க. தளர்த்தாதீங்க. அந்த 025 டெசிமல்ல 25, ஆக்டல்ல 21, ரெண்டும் அதே ஆபீஸ்ல ரெண்டு வேற மெஷினா இருக்கலாம். அந்த லிஸ்ட் எந்த டிவைஸ்லேர்ந்து வந்துச்சு, அது டெசிமல்லதான் எழுதுதான்னு ஒரு தடவ டிவைஸ்லயே பாத்து உறுதி பண்ணிக்கிட்டு, அந்த ஒரு இம்போர்ட்டுக்கு மட்டும் சைபரை நீக்குற தனி ஸ்கிரிப்ட் எழுதுங்க, மேல இந்தக் காரணத்தைக் கமென்ட்டா போட்டு வைங்க, அதுலேர்ந்து வெளில வர்றதைத்தான் பார்சருக்குக் குடுக்கணும்.